வியாகுலப் பிரசங்கம்: குருவானவர் வராத ஊர்களின் தவக்கால நூல்



திருநீற்றுப் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னாள் வரை உள்ள நாள்களைக் கத்தோலிக்கத் தமிழர் தவக்காலம் என்பர். நாள்காட்டியைப் பார்த்து எண்ணினால் 46 நாள் வரும். இடையில் வரும் 6 ஞாயிறுகளும் நோன்பு நாள்களாகக் கொள்ளப்படாமையால் 40 என்பது கணக்கு. கி.பி. 325இல் நிக்கேயாவில் கூடிய சங்கத்தின் விதிகளிலேயே இந்த நாற்பது நாளைக் குறிக்கும் சொல் காணப்படுகிறது. நோன்பு, செபம், தருமம் என்னும் மூன்றும் இக்காலத்தின் கடமைகள். மூன்றுக்கும் அடிநிலையாய் நிற்பது ஒன்று. அது செய்த பிழைக்கு மனம் வருந்துதல்.

கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் நம்மவருள் பெரும்பாலோர் முருகனையும் மாரியம்மனையும் வழிபடுவோர். தைப்பூச விரதம் முடிந்து சில கிழமைகளில் அண்டை வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் தவக்காலம் தொடங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். புலால் தவிர்ப்பதும், வீட்டில் மங்கல நிகழ்ச்சிகளைத் தள்ளி வைப்பதும் நமக்குப் புதியன அல்ல. இக்கட்டுரையை எழுதுபவன் அச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லன், தமிழ் கற்பிப்பவன். ஆதலின் அச்சமயத்தின் உண்மை பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. மனம் வருந்துதல் என்னும் ஓர் உள்நிகழ்வு நம் மொழியில் எவ்வாறு கற்பிக்கப்பட்டது, கேட்பதற்குக் குருவே இல்லாத ஊர்களில் அது எவ்வாறு நிலைத்தது என்னும் வரலாற்று வினாவே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவ்வினாவுக்கு விடையாக அமைவது, பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் வாழ்ந்த ஒரு குருவானவர் எழுதிய வியாகுலப் பிரசங்கம் என்னும் நூல்.

கடலோரத்தில் எழுந்த சிக்கல்

தம்மைத் தாமே நொந்துகொள்ளும் இலக்கியம் தமிழுக்குப் புதிதன்று. மாணிக்கவாசகரும் பட்டினத்தாரும் தாயுமானவரும் தம் சிறுமையை எடுத்துரைத்து இறைவனிடம் அழுதவர்களே. அவ்வழுகையில் இருவரே உளர்: அடியவர் ஒருவர், ஆண்டவன் ஒருவன். கத்தோலிக்க மரபு இவ்விருவருக்கிடையே மூன்றாமவர் ஒருவரை நிறுத்தியது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், பகுத்தறியும் வயதடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் பாவங்களைக் குருவிடம் வாய்விட்டு அறிக்கையிட வேண்டும் என்றும், உயிர்ப்புக் காலத்தில் நற்கருணை பெற வேண்டும் என்றும் விதித்தது. இதனால் தவக்காலம் என்பது பாவ அறிக்கைக்குரிய காலமாயிற்று.

இவ்விதி தமிழகக் கடலோரத்துக்கு வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. 1535ஆம் ஆண்டையொட்டி முத்துக்குளித்துறைப் பரதவர் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் வந்த பிரான்சிசு சவேரியார் உள்ளூரார் துணையுடன் மன்றாட்டுகள் சிலவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து கற்பித்தார். அவற்றுள் பொதுப் பாவ ஒப்புதல் மன்றாட்டும் ஒன்று. அவரே 1545இல் மலாக்காவுக்கு வந்தபோது அதே மன்றாட்டுகளை மலாய் மொழியில் ஆக்குவித்தார் என்பது நம் நாட்டு வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி. தமிழில் முதலில் அமைந்த வருத்தச் சொற்கள், மூன்றாண்டு இடைவெளியில் மலாயிலும் அமைந்தன.

எனினும் மனப்பாட மன்றாட்டு வேறு. தன் பாவத்தைத் தானே எடுத்துச் சொல்லுதல் வேறு. குருவுக்குத் தமிழ் தெரியாது. மீனவப் பெண்ணுக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. நடுவே துபாசி ஒருவர் நின்றால், குருவுக்கு மட்டும் சொல்ல வேண்டிய மறைபொருளை அத்துபாசியும் கேட்பார். அவர் பெரும்பாலும் அதே கடற்கரையில் திரிபவர். தன் குற்றத்தை ஊரறியச் சொல்ல யார் துணிவர்?

இச்சிக்கலைத் தீர்க்க முற்பட்டவர் என்றீக்கே என்றீக்கசு என்னும் இயேசு சபைக் குரு. தமிழர் இவரை அண்டிரிக் அடிகளார் என்று வழங்கினர். 1520இல் போர்த்துக்கல் நாட்டு விலா விசோசாவில் பிறந்த இவர், யூத மரபிலிருந்து கிறித்தவரானவர்களின் வழித்தோன்றல். அக்காரணம் பற்றியே முதலில் சேர்ந்த பிரான்சிசுகன் சபையிலிருந்து விலக நேர்ந்தது. 1545இல் இயேசு சபையில் சேர்ந்து, 1546இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். புன்னைக்காயலை நடுவாகக் கொண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்து, 1600இல் மறைந்தார். 1549ஆம் ஆண்டையொட்டித் தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். பாவ அறிக்கையைத் துபாசியின்றித் தாமே தமிழில் கேட்கத் தொடங்கினார்.

1578இல் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் அச்சேறியது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று அதனை நாம் பள்ளியில் கற்பிக்கிறோம். மறு ஆண்டு கொச்சியில் கிறிசித்தியானி வணக்கம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1580இல், அதே கொச்சியில் வந்த நூலைப் பலரும் மறந்துவிடுகிறோம். அதன் பெயர் கொம்பெசியொனாயரு. பாவ அறிக்கை செய்யும் முறையையும், அதற்கு முன் தன் மனத்தைத் தானே ஆராயும் முறையையும் தமிழில் கற்பிப்பது அது. அதன் படியொன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் போட்லியன் நூலகத்தில் உள்ளது. 1586இல் அடியார் வரலாறும் அச்சாயிற்று. இவ்வச்சுப் பணிக்குப் பரதவ மக்களே பொருளுதவி செய்தனர்.

தமிழ் அச்சின் முதல் மூன்று ஆண்டுகளிலேயே மனம் வருந்துதலுக்கென ஒரு தனிநூல் எழுந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காப்பியமோ இலக்கணமோ அச்சேறுமுன், ஒரு மனிதர் தன் பிழையைத் தன் மொழியில் சொல்லும் வழி அச்சேறிற்று.

சொற்களின் பயணம்

தமிழாசிரியர்க்கு இவ்வரலாற்றில் சுவை மிகுந்த பகுதி சொற்கள் மாறிய விதமே. முதல் நூல்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் அப்படியே தமிழ் எழுத்தில் வந்தன. கொம்பெசியொனாயரு என்னும் தலைப்பே அதற்குச் சான்று. இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்த பின் வடசொற்கள் பெருகின. மனஸ்தாபம், பச்சாத்தாபம், பாவசங்கீர்த்தனம் என்னும் சொற்கள் கத்தோலிக்கத் தமிழில் ஊன்றின.

இவற்றின் பொருளை நோக்குவோம். மனஸ்தாபம் என்பது மனத்தின் வெப்பம். பச்சாத்தாபம் என்பது பின்னர் எழும் வெப்பம். செயல் முடிந்த பிறகு உள்ளம் காய்வது. இன்று பேச்சு வழக்கில் மனஸ்தாபம் என்றால் இருவருக்கிடையே உள்ள பிணக்கு என்றும், பச்சாத்தாபம் என்றால் பிறர்மீது கொள்ளும் இரக்கம் என்றும் ஆகிவிட்டது. சங்கீர்த்தனம் என்றாலோ நம்மில் பலர்க்குப் பசனைதான் நினைவுக்கு வரும். எடுத்துரைத்தல் என்னும் அதன் அடிப்பொருளைக் கொண்டு பாவத்தை எடுத்துரைத்தலுக்கு அச்சொல்லை ஆண்டனர்.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் வழிபாடு மக்கள் மொழியில் நடைபெறலாயிற்று. தனித்தமிழ்ச் சொற்களும் இடம் பெற்றன. தபசு காலம் தவக்காலம் ஆயிற்று. விபூதிப் புதன் திருநீற்றுப் புதன் ஆயிற்று. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனம் என்னும் பெயர் பெற்றது. ஒப்புரவு என்பது திருக்குறளின் 22ஆம் அதிகாரத்தில் ஊருக்கு உதவி வாழும் பண்பைக் குறிப்பது. அச்சொல் கடவுளோடும் அயலாரோடும் மீண்டும் ஒன்றாதலைக் குறிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பழைய சொல்லில் நாவு முன்னின்றது. புதிய சொல்லில் உறவு முன்னிற்கிறது.

இன்னும் ஒரு பழைய இணைச்சொல்லை மறத்தல் ஆகாது. பழைய ஞானோபதேச நூல்கள் மனவருத்தத்தை உத்தம மனஸ்தாபம் என்றும் அடிமை மனஸ்தாபம் என்றும் இரண்டாகப் பிரித்தன. தண்டனைக்கு அஞ்சி வருந்துவது அடிமையின் வருத்தம். அன்பு செய்தவரை நோகச் செய்தோமே என்று வருந்துவது உத்தம வருத்தம். பிரம்படிக்கு அஞ்சிப் பொய்யை ஒப்புக்கொள்ளும் மாணவனுக்கும், தாயின் முகம் வாடியதைக் கண்டு ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு என்று இதனை வகுப்பில் விளக்கலாம். 1551இல் திரெந்து சங்கம் இவ்வேறுபாட்டை வரையறுத்து, உத்தம வருத்தம் குருவிடம் அறிக்கை செய்யும் விருப்பத்தோடு கூடியதாயின், அறிக்கைக்கு முன்னரே மனிதனைக் கடவுளோடு ஒப்புரவாக்கும் என்று கூறிற்று. ஐரோப்பாவில் இது நூலோர் ஆராயும் நுட்பமாக இருந்திருக்கலாம். குருவே இல்லாத ஊருக்கு அதுவே உயிர்நிலை ஆயிற்று. அத்தகைய ஊர்கள் விரைவில் தோன்றின.

குருமாருக்குத் தடை

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1641இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கரைப் போர்த்துக்கீசியரின் ஒற்றர் என ஐயுற்றனர். இரண்டு இடங்களிலும் கத்தோலிக்க வழிபாடு தடைப்பட்டது. இலங்கையில் 1658ஆம் ஆண்டிலேயே, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிகளாகவும் மாற்றப்பட்டன.

ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் குருவின்றி வாழ்ந்தனர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்னும் குரு, ஏழைக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலை என்னும் ஊர் அவருக்கு இடம் தந்தது. அவர் இரவில் ஊர் ஊராகச் சென்று அறிக்கை கேட்டார், விடியுமுன் மறைந்தார். பின்னர்க் கண்டி இராச்சியத்துக்குச் சென்று, ஒற்றர் எனச் சிறையிடப்பட்டு, மன்னனின் நம்பிக்கையைப் பெற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைப் பேணினார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் மறைந்தார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸ் அடிகளார் செய்த ஏற்பாடுகளில் நம் நோக்கத்துக்கு இன்றியமையாதது ஒன்று உண்டு. தாம் இல்லாத காலத்தில் ஊரை நடத்த ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அமர்த்தினார். மூப்பர் ஊர்க் காரியம் பார்ப்பார். அண்ணாவியார் செபம் சொல்வார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பார். ஆனால் அண்ணாவியாரால் பாவ அறிக்கை கேட்க இயலாது. ஆண்டுக்கு ஒருமுறை என்பது விதி. குருவோ ஆண்டுக்கு ஒருமுறை வருவதும் உறுதியில்லை. தவக்காலம் வரும், போகும். மனம் வருந்தியவர் அவ்வருத்தத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? இவ்விடத்தில்தான் நூல் ஒன்று தேவைப்பட்டது.

யாக்கோமே கொன்சால்வெஸ்

யாக்கோமே கொன்சால்வெஸ் 1676இல் கோவாவின் திவார் தீவில் பிறந்தவர், வாஸ் அடிகளாரைப் போலவே கோவா ஓரத்தோரியச் சபையின் குரு, தாய்மொழி கொங்கணி. 1705இல் மன்னார்ப் பக்கத்தில் கரையிறங்கினார். தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் நூல் செய்யும் அளவுக்குத் தேர்ந்தார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று அவரைச் சிங்களர் போற்றுவர். கண்டி மன்னன் வீர நரேந்திரசிங்கனின் அவையில் அவருக்கு மதிப்பு இருந்தது. சொல்லகராதிகளும் தொகுத்தார். 1742 சூலை 17ஆம் நாள் போலவத்தையில் மறைந்தார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தமிழில் அவர் எழுதியவற்றுள் கிறிஸ்தியானி ஆலயம், சுவிசேஷ விரித்துரை, தர்ம உத்தியானம் ஆகியவை குறிப்பிடத்தக்கன. மக்கள் நாவில் நிலைத்ததோ வியாகுலப் பிரசங்கம். இயேசு பட்ட பாடுகளைப் பற்றிய ஒன்பது பிரசங்கங்கள் கொண்டது அது. இவ்வகையில் சிங்களத்திலும் அவர் துக்பிராப்தி பிரசங்கய என்னும் நூலைச் செய்தார். வியாகுலம் என்னும் வடசொல்லுக்குக் கலக்கம் என்பது பொருள். கத்தோலிக்கத் தமிழில் அது பெருந்துயரைக் குறிக்கும். மகனை இழந்த மரியாளை வியாகுல மாதா என்று வழங்குவதும் இப்பொருளிலேயே.

பிரசங்கம் என்பது ஒருவர் நின்று பேசுவது. இந்நூலோ பேசுபவர் இல்லாத இடத்துக்காக எழுதப்பட்ட பிரசங்கம். தவக்காலத்தில், சிறப்பாகப் புனித வாரத்தில், ஊரார் கூடியிருக்க ஒருவர் இதனை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் கேட்டிருப்பர். வாசிப்பும் பாட்டும் ஒப்பாரியும் கலந்த நடை அது. எழுத்தறியாத முதியவரும் கேட்டுக் கேட்டே அதன் பகுதிகளை நெஞ்சில் நிறுத்திக்கொண்டனர். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே இவ்வாசிப்பு தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கு.

இங்கே அச்சின் வரலாறு ஒரு வியப்பான திருப்பத்தைக் காட்டுகிறது. 1580இல் அண்டிரிக் அடிகளாருக்கு அச்சகம் இருந்தது. நூற்றைம்பது ஆண்டு கழித்துக் கொன்சால்வெஸ் அடிகளாருக்கு அது இல்லை. தரங்கம்பாடியில் சீர்திருத்தச் சபையார் 1710களில் தமிழ் நூல்களை அச்சிட்டுக்கொண்டிருந்தனர். கொழும்பில் 1737இல் ஒல்லாந்தரின் அச்சகம் சிங்கள நூலை வெளியிட்டது. ஆட்சியும் அச்சும் ஒரு பக்கம் நின்றன. கொன்சால்வெஸ் அடிகளாரின் நூல்கள் ஓலையில் எழுதப்பட்டு, படியெடுக்கப்பட்டு, கைமாறிக் கைமாறிப் பரவின. ஓலைக்கட்டை ஒளித்து வைத்தல் குருவை ஒளித்து வைப்பதைக் காட்டிலும் எளிது. குருவுக்கு இடமளித்தால் உயிர் போகும். ஓலை இறப்பில் செருகிக் கிடக்கும்.

அழுகையின் பயன்

இந்நூல் ஏன் பாடுகளின் துயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி மக்களை அழவைக்கிறது? அழுகை மட்டும் மனமாற்றம் ஆகுமா? இவ்வினா இயல்பானது. என் கருத்தை இங்கே கூறுகிறேன்.

கொம்பெசியொனாயரு தனி மனிதனை நோக்கி அமைந்தது. நீ இதைச் செய்தாயா, அதைச் செய்தாயா என்று தன்னைத் தானே வினவிப் பின் குருவின் முன் செல்ல அது வழிகாட்டிற்று. வினாவுக்கு விடை சொன்னால் கேட்பதற்கு ஒருவர் உளர் என்பது அதன் அடித்தளம். வியாகுலப் பிரசங்கத்தின் காலத்தில் அவ்வடித்தளம் பறிபோயிற்று. அறிக்கை கேட்பவர் இல்லாதபோது எஞ்சியிருப்பது உத்தம மனஸ்தாபம் ஒன்றே. அச்சத்தால் வரும் வருத்தத்தை ஆணையால் எழுப்பலாம். அன்பால் வரும் வருத்தத்தை ஆணையால் எழுப்ப இயலாது. அதற்கு ஒருவன் துயரைக் கண்முன் நிறுத்திக் காட்ட வேண்டும். எனவே கொன்சால்வெஸ் அடிகளார் வினாக்களை விடுத்துக் கதையை எடுத்தார்; நீதிமன்ற நடையை விடுத்து இழவு வீட்டு நடையை எடுத்தார். அவ்வொப்பாரி நடை தமிழ்ப் பெண்களின் கையிலும் வாயிலும் ஏற்கெனவே இருந்தது. வெளிநாட்டு மறைநூல் நுட்பம் ஒன்று, நம் ஊர்த் தாய்மார் அறிந்த ஓசையில் வந்து சேர்ந்தது.

இன்னொரு பயனும் உண்டு. தனியே செய்யும் அறிக்கையில் ஒருவன் பிழை ஒருவனோடு நிற்கிறது. ஊர் கூடிக் கேட்கும் வாசிப்பில் கடன் கொடுத்தவரும் கடன்பட்டவரும், வழக்காடும் அண்ணன் தம்பியரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே வரிக்குக் கண் கலங்குகின்றனர். யார் எதற்கு அழுகிறார் என்பது பிறர்க்குத் தெரியாது. எல்லாரும் அழுகின்றனர் என்பது தெரியும். ஒப்புரவு என்னும் சொல் வழிபாட்டுத் தமிழில் புகுமுன்பே அப்பொருள் அப்பாயில் இருந்திருக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

ஆயினும் இம்மரபின் ஓர் இடரைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. பாடுகளின் கதையைச் சொல்லும் பிரசங்க, நாடக மரபு உலகெங்கும் ஒரு பிழையைச் சுமந்து வந்தது. கேட்பவர் தம் குற்றத்தை நினைப்பதற்கு மாறாக, கதையில் வரும் யூதர்மீது வெறுப்புக் கொள்ளும் வழியை அது திறந்து விட்டது. ஐரோப்பாவில் புனித வாரம் யூதர்க்கு அச்சம் தரும் வாரமாக இருந்த காலங்கள் உண்டு. தன் பிழைக்கு அழ வேண்டிய நாளில் பிறன்மீது பழி சுமத்துவது மனமாற்றத்துக்கு நேர் எதிரானது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கான பழியை யூத இனத்தார் அனைவர்மீதும் சுமத்தலாகாது என்று தெளிவாக அறிவித்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், அவ்வாண்டுத் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமையில் திருச்சபையின் மக்கள் வரலாற்றில் செய்த பிழைகளுக்காக மன்னிப்பு வேண்டினார். யூத மக்களுக்கு இழைத்த தீங்கும், பிற பண்பாடுகளையும் சமயங்களையும் மதியாத குற்றமும் அப்பட்டியலில் இருந்தன.

அந்நாளில் அண்டிரிக் அடிகளாரை நினைத்தவர் எத்தனை பேரோ அறியேன். யூதக் குருதி உண்டு என்பதற்காக ஒரு சபையின் வாயில் அவருக்கு அடைக்கப்பட்டது. தமிழில் மனவருத்தத்தின் முதல் அச்சுநூலைத் தந்தவர் அவரே. ஒரு நிறுவனம் தன் தவக்காலத்தில் தன்னைத் தானே வினவிக்கொள்ள நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை மாணவர்க்குச் சொல்லலாம். காலம் தாழ்ந்தாலும் வினவிக்கொண்டது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

கடல் கடந்த வழக்கு

1796இல் இலங்கைக் கடலோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1806இல் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகள் நீக்கப்பட்டன. குருமார் வெளிப்படையாக வந்தனர், கோவில்கள் எழுந்தன. வியாகுலப் பிரசங்கம் அதன் பின்னும் மறையவில்லை. பாடுகளைக் காட்சியாக நடத்தும் பாஸ்கு மரபும் அதனுடன் வளர்ந்தது. பாஸ்கு என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியின் பாஸ்கா என்பதன் வழி வந்தது. யாழ்ப்பாணத்தில் நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம், போர்க்காலத்திலும் தவக்காலத் திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றிப் புகழ் பெற்றது. அடிகள் 2021இல் மறைந்தார்.

நம் நாட்டின் நிலை என்ன? மலாக்காவிலும் ஒல்லாந்தர் தடை நெடுநாள் நீடித்தது. பின்னர்த் தளர்ந்து, 1710இல் புனித பேதுரு ஆலயம் எழுந்தது. கண்டியில் கொன்சால்வெஸ் அடிகளார் பணியாற்றிய காலமும் அதுவே. இன்றும் புனித வெள்ளியன்று அவ்வாலயத்தில் பவனி நடைபெறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசு அயல்நாட்டு வேதபோதகச் சபையின் குருமார் புதுச்சேரிப் பகுதியிலும் மலாயாவிலும் ஒருசேரப் பணியாற்றினர். அவர்களுள் ஒருவரான ரெனே ஃபே அடிகளார் 1880களில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கெனக் குடியிருப்பொன்றை அமைத்தார். பின்னாளில் அவரே மலாக்காவின் ஆயர் ஆனார். யாழ்ப்பாணத்திலிருந்து தொடர்வண்டித் துறைக்கும் அரசுப் பணிக்கும் வந்தவருள்ளும் கத்தோலிக்கர் இருந்தனர்.

கேமரன் மலையோ இளைய குடியேற்றம். வில்லியம் கேமரன் 1885இல் இப்பகுதியை அளந்தார்; போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. தோட்டப்புறத் தேவாலயம் என்றால் குரு அங்கேயே தங்கியிருப்பார் என்பதில்லை. பெருநகர் தொலைவு, மலைப்பாதை வளைவு, மழைக்காலத்தில் மண்சரிவு. குரு வராத ஞாயிறுகளில் லயத்தில் எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவரே செபம் சொல்ல வேண்டிய நிலை தோட்டப்புறங்களுக்குப் பொதுவானது. அவர் தம்மை அறியாமலேயே சில்லாலை அண்ணாவியாரின் வரிசையில் வந்தவர்.

இன்று சாலை நன்று; குருவானவர் வருவது எளிது. குறைவது வேறொன்று. மூத்தோர் வீட்டில் தமிழ்ச் செபநூல் இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு அதனை வாசிக்க இயலவில்லை. மன்றாட்டை உரோமன் எழுத்தில் எழுதிவைத்து வாசிக்கும் இளையோரைப் பல இடங்களிலும் காண்கிறோம். 1554இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் பதித்து ஒரு மன்றாட்டு நூலை அச்சிட்டனர். அக்காலத்தில் தமிழ் அச்செழுத்து இன்னும் வார்க்கப்படவில்லை. எழுத்து வார்த்து, நூல் அச்சிட்டு, தடையை ஓலையால் கடந்து வந்த ஒரு மரபு, தொடங்கிய இடத்துக்கே திரும்பி நிற்கலாமா? குருவின்றியும் அவ்வூர்களின் தவக்காலம் நடந்தது. வாசிப்பவர் இல்லாமல் போனால் அந்நூல் என்ன செய்யும்?

எனவே சமயம் பாராது அனைவர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பழைய செபநூல், ஞானோபதேச நூல், வியாகுலப் பிரசங்கப் படி எதுவேனும் இருப்பின், இம்மலையின் ஈரமும் பூச்சியும் அதனை அழிக்குமுன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களை அவ்வாறே காத்து வருகிறது. வாசிக்கத் தெரிந்த மூத்தோர் உயிரோடு இருப்பின், அவர்களை இராகத்தோடு வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். ஏட்டில் எழுத்து மட்டுமே உண்டு. இராகம் அவர்கள் தொண்டையில் உள்ளது.

பெற்றோர்க்கு ஒரு சொல். இத்தவக்காலத்தில் ஒரு மாலை, உங்கள் பிள்ளையை உங்கள் சமய நூல் எதுவாயினும் ஒரு பக்கம் தமிழில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தேவாரமாயினும் மன்றாட்டாயினும் சரியே. தடுமாறினால் பக்கத்தில் அமர்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுங்கள். மறுநாள் வகுப்பில் அப்பக்கத்தை அப்பிள்ளை தடுமாறாமல் வாசிக்கக் கேட்பது என் பங்கு.

அன்புடன்,
தமிழாசிரியர், பிரிஞ்சாங்